கண்ணுக்குத் தெரியாத தீயோடு ஆமத்தூருக்கு

பார்க்க முடியாத ஒரு தீயை மூன்றரை வயதுக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது? விருதுநகர்ப் பக்கம் போய்வந்து இரண்டு வாரம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. கேள்வி எப்படி வந்தது என்பதை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

முதலில், ஊருக்குப் போகிறவள் எதற்கு அடுப்பைச் சுமந்துகொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் கயலுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பால் என்றால் தயிர், மோர், நெய், வெண்ணெய் எல்லாம்தான். ஒன்றரை வயதில் ஓர் உணவகத்தில் அவளுக்கு ஊட்டிய இட்லியில் நெய் தடவியிருந்தார்கள். உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்து, மருத்துவமனைக்கு ஓடினோம். அதற்குப் பிறகு நாங்கள் கோவையைத் தாண்டவில்லை. பிளாஸ்கில் ஊற்றிய கஞ்சி மதியத்துக்குள் பசையாகிவிடும். வாயில் வைத்ததும் துப்பிவிடுவாள். மின்சாரக் கெட்டிலுக்குப் பிளக் வேண்டும். கேஸ் அடுப்பைப் பேருந்தில் ஏற்ற முடியாது. டீக்கடையில் கேட்டு வாங்கலாமே என்பார்கள். அங்கே எல்லாப் பாத்திரமும் பால் பாத்திரம்தான்.

மலையேறுகிறவர்கள் குளிர்பான டப்பாவில் அடுப்பு செய்துகொள்வதை என் கணவர்தான் கைபேசியில் காட்டினார். அவர் சும்மா காட்டினார். நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டேன். இரண்டு அலுமினிய டப்பாக்களின் அடிப்பாகத்தை வெட்டி, நடுவில் ஒரு தகட்டு வளையத்தை நிறுத்தி, ஒன்றை மற்றொன்றுக்குள் அழுத்திச் செருக வேண்டும். விளிம்பைச் சுற்றி ஊசியால் துளைகள். நடுக்குழியில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால், சூடேறியதும் துளைகள் வழியாக நீலச் சுடர் பூவிதழ் மாதிரி வெளிவரும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடையே கிடையாது. கயல் தூங்கிய பிறகு பால்கனியில் பலமுறை எரித்துப் பார்த்தேன். அழகான நீலம். அவள் தூங்கிய பிறகு மட்டுமே எரித்துப் பார்த்தேன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை

காலை ஆறரை மணிக்குச் சிங்காநல்லூரிலிருந்து மதுரை பஸ். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஏற்றிவிட வந்தவர், "வேணும்னா அடுத்த மாசம் நான் கூட வரேனே" என்றார். எனக்கும் ஒரு கணம் இறங்கிவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் போனது. பையில் அடுப்பு, ஒரு சின்னச் சட்டி, அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரித்த மாவு, கயலின் மருந்து. ஸ்பிரிட் எடுத்து வரவில்லை. தீப்பிடிக்கும் பொருளைப் பேருந்தில் கொண்டுபோகக் கூடாது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம்.

மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து விருதுநகர். வழியில் கயலுக்கு வாழைப்பழமும் வீட்டிலிருந்து கொண்டுபோன பொரியும்தான். விருதுநகரில் ஆமத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லை, அதனால் நிற்கவும் இடமில்லை. என் பையை இருக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கயலைத் தூக்கிக்கொண்டேன். பெரிய சாக்குப்பையோடு ஏறிய ஓர் அம்மாள், வண்டி குலுங்கிய வேகத்தில் அப்படியே என் பைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா, உள்ள என்ன, நொறுநொறுங்குது? அப்பளமா?"

"அடுப்புங்க" என்றேன்.

"அடுப்பா! நா ஒக்காந்தா ஒடையுற அடுப்புல நீ என்னத்தப் பொங்குவ?"

பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பையைத் திறந்தால், அடுப்பு தட்டையாகிப் பழைய காசு மாதிரி கிடந்தது. அந்த அம்மாளுக்கே வருத்தமாகிவிட்டது. சாக்குப்பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கயலிடம் நீட்டினார். நான் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் பார்த்து, "கழுவிக் குடு தாயி, நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

ஆமத்தூரில் என் கணவரின் அக்கா முத்துலட்சுமி வீடு. இந்தப் பக்க வழக்கப்படி நான் அவரை மதினி என்பேன். அவர் வீட்டுக்காரர் சண்முகராஜ் அண்ணன், அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை செய்கிறார். மதினிக்கு டைரி, காலண்டர் பைண்டிங் வேலை வீட்டுக்கே வரும். முன்னறை முழுக்கக் காகிதக் கட்டு. அடுத்த வருடத்துத் தேதிகள் சுவரோரம் அடுக்கடுக்காக நின்றன.

"வாங்க, வாங்க! புள்ளைய இம்புட்டு வளத்த பெறகுதான் கண்ணுல காட்டுறீக" என்று கயலை வாங்கிக்கொண்டார் மதினி. பாலே இல்லாத சமையல் செய்து வைத்திருந்தார். பாத்திரங்களைக்கூடப் புதிதாக எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன் என்றார். அப்படியும் நான் கரண்டியை இன்னொரு முறை கழுவினேன். அவர் பார்த்தார்.

மாலை ஐந்தரை மணிக்குத் தெருவில் வேன் ஹாரன் கேட்டது. மதினி எழுந்து போய், கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே நிறுத்தி, அடுப்பை அணைத்தார்.

"ஏன் மதினி?"

"ஒங்க அண்ணன் வந்துட்டாக. அவுக குளிக்கிற வரைக்கும் நம்ம வீட்டு அடுப்புக்கு லீவு."

வீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன கேட். அண்ணன் முன்வாசல் வழியாக வரவில்லை. அந்தக் கேட்டைத் திறந்து, சுவரோரமாக நேரே கொல்லைக் குளியலறைக்குப் போனார். சட்டையிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி; பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பட்டாசு மருந்து. "அம்மா, மாமா மினுக்குது!" என்று கயல் கத்தினாள். அவர் தூரத்திலிருந்தே கையாட்டினார், கிட்டே வரவில்லை. சட்டையை நனைத்துப் பிழிந்து, குளித்து, வேறு வேட்டி கட்டி வந்த பிறகுதான் கயலைத் தூக்கினார். மதினி அடுப்பை மறுபடி பற்றவைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தானாம்.

நசுங்கிய அடுப்பைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெம்பக்கோட்டை அணைக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே வைத்துக் கயலுக்குச் சுடச்சுடக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்பதற்காகவே அடுப்பைக் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அது நடந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நடக்காவிட்டால் மறுபடி வீடுதான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

"டப்பாதான? சிவகாசிக்குப் போயி வாங்கிருவோம்" என்றார் மதினி.

சனிக்கிழமை

ஆமத்தூரிலிருந்து சிவகாசி பஸ்ஸில் அரை மணி நேரம். வழியெல்லாம் வெயிலில் வெளுத்த கரிசல் தரை, ஒன்றையொன்று தொடாமல் தள்ளித்தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள், எதிரே வேன் மேல் வேன். ஊருக்குள் நுழைந்தால் கடைகளில் சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி என்று அடுத்த வருடத்துக் காலண்டர்கள் தொங்குகின்றன. "ஆர்டர் சீசன்" என்றார் மதினி. ஒரு பேக்கரியில் இரண்டு குளிர்பான டப்பாக்கள் வாங்கினோம். ஒன்று நாற்பது ரூபாய். டப்பா வேண்டும் என்றால் குடித்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் குடித்தோம். பாதிக்கு மேல் மதினியால் முடியவில்லை. "அடுப்பு வாங்கக் கஷ்டப்படுறத விட, அடுப்பக் குடிக்கிறது பெருங்கஷ்டமா இருக்கே" என்றார்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் அரை லிட்டர் கேட்டேன்.

"யாருக்கு ஊசி?" என்றார் கடைக்காரர்.

"ஊசிக்கு இல்லீங்க. கஞ்சி காய்ச்ச."

அவர் மதினியைப் பார்த்தார். "என்னக்கா சொல்றாக?"

"கோயம்புத்தூர்ல இப்பிடித்தான் காய்ச்சுவாகளாம்ண்ணே."

"சிவகாசிக்கு வந்து நெருப்புக்கு மருந்துக் கடையில நிக்கிறது நீங்க ரெண்டு பேருதான்" என்றபடி பாட்டிலை எடுத்துவைத்தார். நூற்றிருபது ரூபாய். எத்தனால் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். வேறு வகை ஸ்பிரிட்டும் இருக்கிறது. அது புகைந்து சட்டியைக் கரியாக்கும் என்று படித்திருந்தேன். சுத்தமாக எரிய வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.

பாட்டிலோடு பஸ் ஏறாமல் ஆட்டோவில் திரும்பினோம். மதியம் முன்னறையில் வேலை. இதற்குப் பைண்டிங் வீட்டை விட நல்ல இடம் கிடைக்காது. நாலைந்து டைரிகளை அடுக்கி, அதன்மேல் கத்தியை அசையாமல் பிடித்து, டப்பாவைக் கத்தி முனையில் உரசியபடி சுற்றிக்கொண்டே இருந்தால், கோடு விழுந்து வட்டமாக அறுந்துவிடும். வீட்டில் நான் கத்தரியால் வெட்டிக் கோணலாக்கியது நினைவுக்கு வந்தது. துளை போடுவதற்கு மதினி டைரி தைக்கும் குத்தூசியை எடுத்தார். முதல் துளை பெரிதாகிவிட்டது. "இதுல நெருப்பு வருமா, நெல்லிக்கா வருமா?" என்று தானே சொல்லிக்கொண்டு, அடுத்த துளைகளுக்கு முனையை மட்டும் மெல்லத் தட்டினார். வெட்டிய விளிம்பு என் விரலைக் கீறியது. கயல் அதைப் பார்த்து ஊதினாள். மூன்று மணிக்குள் அடுப்பு தயார்.

எங்கே வைத்து எரித்துப் பார்ப்பது என்று நான் சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். முன்னால் காகிதம். பின்னால் காற்று. வீட்டுப் பக்கவாட்டில், சுவரோரம், மண் தரை. காற்று இல்லை, நல்ல வெயில். அதுதான் பாதுகாப்பு என்று முடிவு செய்தேன். மூன்று செங்கல் துண்டுகளுக்கு நடுவே அடுப்பை வைத்து, மேலே கஞ்சிச் சட்டி. கயலை மதினியோடு கதவுக்குள் நிறுத்தினேன். பற்றவைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. அணைந்துவிட்டதோ என்று கையை நீட்டினேன், அனல் அடித்தது. வெயிலில் அந்த நீலம் அப்படியே கரைந்துபோயிருந்தது. புகை இல்லை, ஓசை இல்லை. சட்டிக்கு அடியில் வெறும் காற்று நடுங்குவது மட்டும், அதுவும் உற்றுப் பார்த்தால்தான், தெரிந்தது. இது நல்லதில்லையே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நின்றேன். அப்போதே மூடி அணைத்திருக்க வேண்டும். கஞ்சி கொதிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சம்பள நாள், வேன் முன்னதாக வந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் தெருமுனையிலேயே இறங்கி நடந்து வந்திருக்கிறார். ஹாரன் கேட்கவில்லை. பக்கவாட்டுக் கேட் திறந்தது. அவருடைய வழியின் நடுவில் என் அடுப்பு.

"என்னம்மா இது, தாயம் உருட்டுற டப்பா மாதிரி?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அடுப்புக்கு நேரே குனியப் போனார். முழுக்கை சட்டை முழுவதும் வெள்ளிப் பொடி. நான் கத்தினேன்:

"அண்ணே, எரியுது! வராதீங்க!"

"எங்கன?" என்று அவர் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். காகிதம் அடுக்கிய அறை பற்றிவிட்டது என்று நினைத்துவிட்டார். குழந்தையை எடுக்க வேண்டும் என்று வீட்டை நோக்கி, அதாவது அடுப்பை நோக்கி, இன்னும் ஓர் எட்டு வைத்தார்.

அந்த நேரத்தில் கஞ்சி பொங்கி வழிந்தது. அடுப்பின்மேல் சொய்யென்று விழுந்ததுதான் தாமதம், சட்டியைச் சுற்றி மஞ்சள் சுடர்கள் எழுந்து நின்றன. அவர் கால் முட்டிக்கு ஒரு முழ தூரத்தில்.

அண்ணன் ஓடவில்லை. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல், எட்டு எட்டாகப் பின்னால் போனார். கேட்டுக்கு வெளியே போய், தெருக்குழாய்த் தொட்டியில் இருந்த தண்ணீரை வாளிவாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஓடினால் பொடி பறக்கும் என்று மதினி பிறகு சொன்னார். நான் ஒரு தட்டை எடுத்து அடுப்பை மூடினேன்.

அண்ணன் குளித்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, நீ என்ன தாயி செய்வ" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "புகையில்ல. வாடையில்ல. நெறமில்ல. நா நெருப்புக்குள்ளயே கெடக்குறவன், எனக்கே தெரியல. திருட்டு நெருப்பால்ல இருக்கு."

"நாளைக்கு அது வேணாம்" என்றார் மதினி.

"வேணாம்" என்றேன் நானும். எனக்கு அண்ணன் நின்ற இடத்தில் கயல் நிற்பது போலவே தெரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் தீயே கிடையாது. கயல் அறிந்த தீ இரண்டுதான்: சாமி விளக்கு, பிறந்தநாள் மெழுகுவத்தி. இரண்டும் மஞ்சள். கணவரிடம் பேசினேன். "விட்டுரு, பிளாஸ்க் வச்சுச் சமாளி" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அடுப்பைக் குப்பையில் போட மனம் வராமல், மேலே ஒட்டியிருந்த கஞ்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, கடைசில மஞ்சளா எந்திரிச்சுதே, அது எப்பிடி?"

அப்போதுதான் நானும் யோசித்தேன். சட்டியில் இருந்தது அரிசி, பருப்பு, தண்ணீர், உப்பு. "உப்புண்ணே" என்றேன். "உப்புப் பட்டா தீ மஞ்சளாகும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன். அதை இதோட சேர்த்துப் பார்க்கத்தான் தோணலை."

அவர் முகம் மாறியது. "நாங்க நெதமும் நெறத்துக்குத்தான் மருந்து சேக்குறோம். எனக்கும்ல தோணியிருக்கணும்!" சட்டென்று உற்சாகமாகிவிட்டார். "மஞ்சள் எதுக்கு? நல்ல செவப்பா வர்றதுக்குக் கம்பெனில ஒரு சிட்டிகை கேட்டா..."

"கம்பெனி மருந்து ஒரு துளி இந்த வாசப்படிக்குள்ள வரப்படாது" என்றார் மதினி. "மஞ்சளே மங்களம். வீட்டு உப்பு போதும்."

வெயில் சாய்வதற்குள் மறுபடி எரித்துப் பார்த்தோம். இம்முறை கேட் பூட்டியிருந்தது, எல்லோரும் குளித்திருந்தோம், பக்கத்தில் மணல் வாளி. ஸ்பிரிட்டில் உப்பைப் போட்டால் கரையவே இல்லை, அடியில் தங்கியது. கொஞ்சம் தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சில சொட்டு விட்டேன். பற்றவைத்ததும் நீலம்; வெயிலில் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு துளையாக மஞ்சள் ஏறியது. அண்ணன் கைதட்டினார். மதினி மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு அணையும் வரை பார்த்தார். பிறகு, "சரி, எடுத்து வை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனையே தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து அணைக்குப் பேசியிருந்தார்கள். ஆளுக்கு நூறு ரூபாய். ஏறும்போது டிரைவர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டார்: "தீப்பெட்டி?" ஒவ்வொருவரும் இடுப்பையோ சட்டைப் பையையோ தட்டிக் காட்டி, "இல்ல" என்று சொல்லி ஏறினார்கள். அது அவர்களுக்குக் காலை வணக்கம் மாதிரி. நான், "இருக்குங்க" என்றேன்.

வேன் முழுக்க என்னைப் பார்த்தது.

"கொடுங்க" என்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானுங்களே? வேலைக்குப் போகலையே?"

"கெளமைதாம்மா ஞாயிறு. வண்டி அதே வண்டி. சீட்டத் தட்டிப் பாருங்க." தட்டினேன். விரலில் வெள்ளி ஒட்டியது. தீப்பெட்டி மதினி வீட்டு ஜன்னலுக்குத் திரும்பிப் போனது. ஸ்பிரிட் பாட்டிலையும் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்து, மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். "தீப்பெட்டி இல்லாட்டி இது தண்ணிதான். ஆனா மடியவிட்டு எறக்கப்படாது." தீப்பெட்டியே பிழைப்பான ஊரில், தீப்பெட்டி இல்லாமல் சமைக்கப் புறப்பட்டோம்.

வெம்பக்கோட்டை அணை பெரிய அணை இல்லை. கரை மேல் நீளமாக ஒரு பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேலமும் வயலும். எங்கள் ஊர்ப்பக்க அணைகளின் மலையும் குளிரும் இங்கே கிடையாது; ஆனால் வானம் கண்ணுக்கெட்டியவரை விரிந்திருக்கிறது. பெட்டிக்கடையில் தீப்பெட்டி இரண்டு ரூபாய். கரைக்குக் கீழே, புல் இல்லாத இடமாகப் பார்த்து மூன்று கல் வைத்தோம். அண்ணன் ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி, அதன்மேல்தான் அடுப்பு என்றார். வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டு, மணல் வாளியோடு கோயில் காவல்காரர் மாதிரி பக்கத்தில் நின்றார். "காலைல ரெண்டு தடவ குளிச்சிருக்காக" என்று மதினி என் காதில் சொன்னார்.

உப்புச் சொட்டு விட்டுப் பற்றவைத்தேன். மஞ்சள் எழுந்தது. வேனில் வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு பெண், "டப்பாக்குள்ள தீவாளிச் சாட்டை கொளுத்துனாப்ல இருக்குலே!" என்று தன் தம்பியிடம் சொன்னாள். கயலைக் கையைப் பிடித்து மூன்று எட்டு தள்ளி நிறுத்தியிருந்தேன். கஞ்சி கொதித்தது. இறக்கி, ஆற்றி, ஊட்டினேன். துப்பவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "இன்னும்" என்றாள்.

இரண்டு ஆண்டுகளாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அப்போதுதான் கயல் சொன்னாள்: "அம்மா, தீ போயிடுச்சு."

திரும்பினேன். சட்டி இறக்கிய அடுப்பில் மஞ்சள் இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது. ஆனால் ஸ்பிரிட் இன்னும் மிச்சம். மேலே காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் என் கையை விட்டு ஓர் எட்டு வைத்திருந்தாள்.

அவளைப் பிடித்தேன். கத்தவில்லை, அது எப்படி என்று இப்போதும் ஆச்சரியம். மண்டியிட்டு அவள் உள்ளங்கையை விரித்து, என் கைக்குள் வைத்து, எட்டத்திலிருந்து மெல்லக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அனல் வந்து தொட்டது. அவள் கண் பெரிதானது. கையைத் தானாகவே இழுத்துக்கொண்டாள்.

"போகலை" என்றேன்.

"ஒளிஞ்சிருக்கு" என்றாள்.

அண்ணன் மணல் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நா இத்தன வருசம் கண்ண நம்புனேன். மருமக ஒரே நாள்ல கைய நம்பக் கத்துக்கிட்டா." பிறகு தட்டால் மூடி அணைத்தார். மூடிய பிறகும் புறங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

திங்கட்கிழமை

புறப்படும்போது மதினி ஒரு டைரி அட்டைப் பெட்டிக்குள் காகிதம் திணித்து, அதற்குள் அடுப்பை வைத்துத் தந்தார். "யாரு மேல ஒக்காந்தாலும் நசுங்காது." மிச்ச ஸ்பிரிட்டை அவர்கள் வீட்டிலேயே விட்டு வந்தேன். "அடுத்த தடவ அவனையும் கூட்டிக்கிட்டு வாங்க. அடுத்த தடவ கரண்டியக் கழுவாமலே எடுக்கணும், என்ன?" என்றார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

விருதுநகர் பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது, கயல் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து ஒவ்வொன்றின் முன்னாலும் நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த டீ கிளாஸ் முன்னால், "இங்க இருக்கு." தண்ணீர் பாட்டில் முன்னால், "இங்க இல்லை." வெயில் விழுந்த வெறும் தரை முன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, இங்க இருக்கா?" பஸ்ஸில் ஏறியதும் எஞ்சின் மூடியைக் காட்டிக் கேட்டாள். டிரைவர், "பாப்பா என்ன செக்கிங் இன்ஸ்பெக்டரா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உறுத்தலும் வந்தது. அவளுக்கு ஓர் அறிவைக் கொடுத்திருக்கிறேனா, என் பயத்தைக் கொடுத்திருக்கிறேனா?

கோவைக்கு வந்தபின் எங்கள் இண்டக்‌ஷன் அடுப்பின் முன்னாலும் கையை நீட்டிப் பார்த்தாள். சட்டியை எடுத்த பிறகு கண்ணாடி சூடாக இருக்கும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் கேட்காதவள், இப்போது தானாகவே தள்ளி நிற்கிறாள். அடுத்து வால்பாறை போகலாம் என்று கணவர் சொல்கிறார். போகத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

உப்பு போட்டால் தீ தெரிகிறது. வேற்று ஆள் யாராவது குனிந்தால்கூடப் பார்த்து விலகுவார். ஆனால் உப்பு முதலில் தீர்ந்துவிடுகிறது, ஸ்பிரிட் அதன் பிறகும் எரிகிறது. மஞ்சள் போனால் தீ போனது என்று கயல் பழகிவிட்டால், அந்த மிச்ச நேரம்தான் ஆபத்து. உப்பே போடாமல், தெரியாத தீயையே காட்டி, கையை மட்டும் நம்பப் பழக்கலாம் என்றால், இந்த வயதுக்கு அது தாங்குமா? வெயில் விழும் இடத்தையெல்லாம் சந்தேகப்படும் குழந்தையாக அவளை ஆக்கிவிடுவேனோ என்றும் இருக்கிறது. ஸ்பிரிட் அடுப்பு வைத்துப் பயணம் செய்தவர்கள், தீயோடு வேலை செய்யும் வீடுகளில் குழந்தை வளர்த்தவர்கள், என்னைப் போல உணவுக்குப் பயந்து வெளியூர் போகாமல் இருந்து ஒருநாள் போனவர்கள் இதைப் படித்தால், நீங்கள் எதை முதலில் காட்டினீர்கள், எந்த வயதில் காட்டினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.